பட்டி பூசிய படகு

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர். திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டோரம் எங்கள் தகரக் கொட்டகை. அறுபதுகளின் நடுவில் ஒருநாள் அதற்குள் லாரிக்குப் பதிலாக ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. கொடைக்கானல் மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஏரியில் பாய் கட்டி ஓட்டுகிற சின்னப் படகு. மரமுமில்லை, தகரமுமில்லை, பைபர் கிளாஸ் என்றார். பழைய பெயிண்ட் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. "லாரியையே கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்குறீங்க, இது முடியாதா?" என்று அவர் கேட்டதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் இவர் படகு வேலையை ஒப்புக்கொண்டார்.

பழைய பெயிண்டை எடுக்க இவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். லாரிக் கதவுக்குச் செய்வதுபோல ஊதுவிளக்கின் தீயைக் காட்டிச் சுரண்டினார். சோறு கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். படகின் அடிப்பக்கம் அப்பளமாகப் பொங்கிக் கருகி, நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. நெடி தொண்டையைக் கமறியது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த தடவை போனபோது ஓட்டையைக் காணோம். உள்ளே தகரத்தை வைத்து, லாரி நசுங்கலுக்குப் பூசுகிற பட்டியை மேலே அப்பி, தேய்த்து, நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

"தண்ணியில நிக்குமாங்க?"

"மழையில லாரி நிக்கலையா?"

"நனையிறது வேற, ஊறுறது வேற. அவருகிட்ட சொல்லிருங்க."

"சொன்னா எவன் என்னைய மதிப்பான்? வாய வச்சுக்கிட்டு சும்மா இரு புள்ள."

வேறு வேலையாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பெயிண்ட் அடித்தவர்தான் முதல் ஓட்டத்தில் ஏறி உட்கார வேண்டும். இவருக்கு நீச்சல் தெரியாது. நான் சாணார்பட்டிப் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். இவர் டவுனில் பிறந்து அண்டாத் தண்ணீரில் குளித்தவர். கண்ணை மூடினால் அந்த ஓட்டைதான் தெரிந்தது.

அந்த வருஷம் பார்த்து மழையும் கொட்டி, ஊர்க் கண்மாய் நிரம்பிவிட்டது. மலைக்கு ஏற்றுமுன் இங்கேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றார் எஸ்டேட்காரர். சூடம் காட்டினார்கள். படகுக்குச் சக்கரமில்லாததால் எலுமிச்சம்பழத்தை அதன் அடியில் வைத்து நசுக்கினார்கள். எஸ்டேட்காரர் சிரித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்தார். இவர் பாய்மரத்தடியில் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

காற்று பாயைப் பிடித்து இழுத்துப்போனது. நடுக் கண்மாயில் அந்த நீல விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை நெருங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. எஸ்டேட்காரர் குனிந்து பார்த்துவிட்டு அவசரமாகப் பாயை இறக்கினார். இவர் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். தண்ணீர் மடிக்கு வந்தது. கத்துவார், கத்துவார் என்று காத்திருந்தேன். வாயே திறக்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தேன். கரையில் நின்ற ஆண்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது படகு நிரம்பியிருந்தது, ஆனால் முழுகவில்லை. "பயப்படாதீங்கம்மா, ரெண்டு முனையிலயும் காத்துப் பெட்டி இருக்கு, முழுகாது" என்றார் எஸ்டேட்காரர், நெஞ்சளவு தண்ணீரில் சாவகாசமாக. அதை முன்பே இவரிடம் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா! இவர் சாகப்போகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

காலை உதைத்து உதைத்துப் படகைக் கரை சேர்த்தேன். இவருக்குப் பல் கிட்டியது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன எனக்கு.

"உசுரு போகப்போகுதுன்னு தெரிஞ்சும் ஒரு சத்தம் போடலையே, ஏன்?"

இவர் எஸ்டேட்காரர் பக்கம் பார்த்துவிட்டு, என் காதோரமாகச் சொன்னார்:

"கத்துனா, பட்டி வச்சது தெரிஞ்சுபோகுமில்ல?"

படகைக் கவிழ்த்ததும், பட்டி ஊறிப் பெயர்ந்த ஓட்டை தானாகவே தெரிந்துவிட்டது. எஸ்டேட்காரர் வாங்கிவந்த கண்ணாடி நார்த்துணியையும் பசையையும் வைத்து அதை ஒழுங்காக அடைத்தார்கள். படகு ஏரிக்குப் போய்விட்டது. என் பயம் மட்டும் போகவில்லை. இவர் செத்த நேரம் பேசாமல் படுத்திருந்தாலும் உலுக்கி எழுப்பி, "என்னங்க செய்யுது, சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன்.