கயிறு கட்டிய இடத்தில் நின்று பார்த்தவர்

மைசூரில் மாலைநேர டிப்ளமோ வகுப்புக்கு நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தபோது அவர் என் மாணவி. நாற்பதைத் தாண்டியவர். நஞ்சன்கூட்டில் ஷிஃப்ட் முடித்து, தொழிற்சாலையின் நீலச் சீருடையோடே பஸ் ஏறி வருவார். எந்தக் கணக்கானாலும் படத்தில் ஒரு புள்ளியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருப்பார். தேறினால் சூப்பர்வைசர் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்.

தேர்வில் ஒரு மரச்சட்டத்தின் கணக்கு. ஒரு முனை சுவரில் கீலில் மாட்டியிருக்கிறது, மறுமுனையைக் கயிறு தாங்குகிறது. கீல் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பது கேள்வி. எல்லோரும் நான் கற்றுக்கொடுத்தபடி கீலைச் சுற்றித் திருப்புவிசை கண்டு மூன்று படிகளில் முடித்தார்கள். அவர் ஒரே வரியில் முடித்திருந்தார். படிக்காமலே பூஜ்யம் போட்டேன்.

தாளோடு மேசைக்கு வந்தார். "விடை சரியாத்தானே சார் இருக்கு?"

"கீலை விட்டுட்டு எங்கம்மா போனீங்க?"

"கயிறு கட்டுன எடத்துல நின்னு பாத்தேன் சார். அங்க நின்னா கயிறு தொந்தரவு பண்ணாது."

வகுப்பு சிரித்தது. அசையாமல் இருக்கும் பொருளுக்கு எந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிட்டாலும் விடை ஒன்றுதான். கயிறு கட்டிய புள்ளியை எடுத்தால் கயிற்றின் இழுப்பு கணக்கிலேயே வராது என்பதும் எனக்குத் தெரியும். முப்பது பேர் பார்க்க, போட்ட பூஜ்யத்தை அடிக்க மனம் வரவில்லை.

"முறை தப்பு" என்றேன்.

"ஆய்த்து சார்" என்று கன்னடத்தில் 'சரி' சொல்லித் தாளை மடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியால்தான் தோற்றார். வேலை வேறொருவருக்குப் போனது. மறுவருடம் கீலைச் சுற்றியே எழுதித் தேறினார்.

எனக்கு இயற்பியல் தெரியாது என்று அவர் நினைத்திருந்தால் நல்லது. தெரிந்தேதான் செய்தேன் என்று நினைத்திருந்தால், அந்த விடையும் சரி.