காணிக்கை நேரத்தில் எழுந்து போன அம்மா

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அம்மா என்றால் தேவாலயத்தில் பாட்டைத் தொடங்கும் குரல்தான் நினைவுக்கு வரும். அந்தக் குரல் பாதியில் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். தகப்பனார் இறந்ததும் படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். எங்கள் அப்பாவும் இளவயதிலேயே போய்விட, என்னையும் தம்பியையும் தனியாக வளர்த்தார். ஞாயிறு பூசையை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

வளர்ந்த தம்பி கொழுந்து லொறியில் வேலைக்குச் சேர்ந்தான். ஒரு மழை நாளில், குடித்துவிட்டு லொறியைப் பின்னுக்கு எடுத்த சாரதி அவனைச் சுவரோடு நசுக்கிவிட்டார். அவரும் எங்கள் லயத்துக்காரர், எங்கள் கோயில்காரர். தண்டனை பெற்று மறியலில் இருந்து விடுதலையாகி வந்தவர் எங்களுக்கு நான்கு வீடு தள்ளித்தான் குடியிருந்தார்.

சில வருடங்களில் பாரிசவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. மனைவி முன்பே இறந்திருந்தார். பக்கத்து வீட்டில் சோறு கொடுத்தார்கள். அழுக்கைத் துடைக்க ஆளில்லை. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வாசலைக் கடந்து பூசைக்குப் போனோம்.

அந்த ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் இரண்டாவது வரியில் அம்மா நிறுத்தினார். புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். மயக்கமோ என்று பின்னாலேயே ஓடினேன். அம்மா அந்தச் சாரதியின் வீட்டுக்குள் போய், அவரைப் புரட்டி, முதுகுப் புண்ணைக் கழுவத் தொடங்கினார். சாரதி வாய் கோணி அழுதார்.

“தம்பியக் கொன்னவனாச்சே! ஒங்களுக்கு வெக்கமா இல்லயாம்மா?” என்று வாசலில் நின்று கத்தினேன்.

அம்மா திரும்பவில்லை. “இவ்வளவு நாளும் பூசையில முட்டி போட்டு என்னா கேட்டேன் தெரியுமா? இவன் புழுத்துச் சாகணும்னு கேட்டேன். இப்ப புழுத்துத்தான் கெடக்கிறான். இதப் பாத்துட்டு எந்த வாயாலடி பாட்டுப் படிப்பேன்?”

“அப்ப மன்னிச்சிட்டீங்களா?”

“தெரியல புள்ள. பாத்தா இன்னும் நெஞ்சு எரியுது. போய் சுடுதண்ணி கொண்டா.”

நான் கொண்டுபோகவில்லை.

அதன்பின் நான்கு வருடம், பூசைக்கு முன்பும் வேலை முடிந்தும் அம்மா அங்கே போனார். அவரிடம் சிரித்துப் பேசியதில்லை. கழுவினார், துணி மாற்றினார், பிறகு கோயிலில் வந்து பாடினார். உண்மையான ஆராதனை எது என்று பாதர் எத்தனையோ முறை பிரசங்கம் வைத்திருக்கிறார். எனக்கு அது விளங்கியது அந்த அறை வாசலில்தான். விளங்கியும் என் கால் உள்ளே போகவில்லை.

பிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. அது முற்றிய கடைசி வாரத்தில் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “அவன யாரு கழுவுறா?”

“ஆள் இருக்கும்மா,” என்றேன். அது பொய்.

அம்மாவை அடக்கம் செய்த மறு வாரமே அந்தச் சாரதியும் புண் அழுகி இறந்துபோனார்.

அம்மாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும், தாதிமாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த லயத்து உறவுகளுக்கும், பாதருக்கும் எங்கள் நன்றி. இந்த ஆண்டுப் பூசையை அம்மாவுக்கும் தம்பிக்கும் அவருக்குமாகச் சேர்த்தே ஒப்புக்கொடுக்கிறோம். வருகிறவர்கள், தண்ணீர் கொண்டுபோகாத இந்த மகளுக்காகவும் மன்றாடுங்கள்.