கூரைக்கு எட்டாத சுவர்

பிணங்கள் எழுந்து நடந்து மனிதர்களைக் கடிக்கும் அந்தப் படத்தை நாங்கள் ஒரு தீபாவளிக்கு மறுநாள் மாலையில் பார்த்தோம். அண்ணன் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். லீவில் வரும்போது போனில் படம் இறக்கிக்கொண்டு வருவான், ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டு அப்பா, அம்மா, நான், அவன் நாலு பேரும் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தப் பிணங்களுக்குச் சோம்பி என்று பெயராம். இந்த நடை நடந்தால் பெரட்டில் ஒருத்தனும் பேர் போடமாட்டான் என்றாள் அம்மா. பெரட்டு என்பது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். கொழுந்து பறிக்கப் போன நாளிலிருந்து ஒரு நாளும் அங்கே பிந்தி நின்றதில்லை என்பது அவளுடைய பெருமை.

அண்ணன் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். "இதுங்க நம்ம தோட்டத்துக்கு வந்தா என்ன செய்வீங்க? வீட்டுலயே இருப்பீங்களா, ஓடுவீங்களா?"

ஓடுவதற்கு நெஞ்சு வேண்டுமே என்றார் அப்பா. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை செய்து ஓய்ந்தவர். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அம்மா, சோற்றை ஆக்கிவைத்துவிட்டு ஓடுவேன் என்றாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன் என்றேன். அண்ணன் மேலே பார்த்தான். நாங்களும் பார்த்தோம், சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டுக்கும் ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது, ஒரு முழத்துக்குக் கீழேயே நின்றுவிடும். கட்டிய வெள்ளைக்காரனுக்குச் செங்கல் போதவில்லையோ, மனசு போதவில்லையோ தெரியாது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்குக் காது எதற்கு, வழியே இருக்கிறது. அன்றைக்கும் அடுத்த வீட்டு அக்கா அந்த வழியாகவே குரல் கொடுத்தாள். "எங்க வீட்டுக்குள்ள வந்தா நான் ஒங்க பக்கம் தள்ளிவிட்டுருவேன், சொல்லிட்டேன்."

பிறகு படத்தில் கடிபட்ட ஒருவன் தன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவர்கள் திறக்கவில்லை. நான் வந்து தட்டினால் திறப்பாயா என்று அண்ணன் என்னைக் கேட்டான். நம் வீட்டில் யார் தட்டுகிறார்கள் என்றேன். உண்மையும் அதுதான். லயத்தில் எவரும் கதவைத் தட்டுவதில்லை. முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவார்கள், பேச்சு முடிவதற்குள் அடுப்படியில் இருப்பார்கள்.

அடுத்த தீபாவளி வருவதற்குள் கொரோனா வந்துவிட்டது.

நாட்டுக்கே ஊரடங்கு. கீழே ஹல்துமுல்லை றோட்டிலிருந்து ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஏறி வந்து, வீட்டிலேயே இருங்கள், தனித்து இருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. அந்த அறிவித்தலை எழுதிய ஆளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் ஒரு நாள் தனித்து இருக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். தேயிலைக்கு ஊரடங்கு இல்லை. அம்மா வாயில் துணி கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நான் வேலை பார்த்த பிள்ளைக்காம்பராவை, அதுதான் தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தை, மூடிவிட்டார்கள். பகல் முழுக்க நானும் அப்பாவும் அப்பாவின் இருமலும் வீட்டில்.

முன்பெல்லாம் ஒருவர் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "நூறு" என்று குரல் வரும். மறுபடி தும்மினால் "இருநூறு". ஆயுசைத்தான் சொல்கிறார்கள். சில நாள் மூன்று வீடு தள்ளியிருந்துகூட நூறு வந்து சேரும். அது நின்றது. யாரும் பேசிவைத்துக்கொண்டு நிறுத்தவில்லை. ஒருநாள் அப்பா தும்மினார், லயம் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தது, அடுத்த வீட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. அதன் பிறகு அவர் துண்டை நாலாக மடித்து வாயில் வைத்து அதற்குள் இரும ஆரம்பித்தார். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிடும். அது பழைய தூசி இருமல் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா?

கீழ் லயத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மறுநாளே சுகாதார ஐயாமார் வந்து லயம் முழுக்கக் கயிறு கட்டிப் போனார்கள். பதினான்கு நாளுக்கு ஒருவரும் வேலைக்கு இறங்க முடியாது. அன்று பின்னேரம் எங்கள் தோட்டத்துத் தலைவர் எங்கள் வாசலுக்கு வந்து நின்று, கொழும்பு ஆட்களை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள் என்று பொதுவாகச் சொன்னார். பன்னிரண்டு வீட்டுக்கும் சொல்வதுபோலத்தான் சொன்னார். கொழும்பில் ஆள் இருந்தது எங்கள் வீட்டுக்கு மட்டும்.

நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஏறினால்தான் போனில் பேச முடியும். அண்ணனோடு பேசுவது எப்போதும் நான்தான், அப்பாவால் ஏற முடியாது, அம்மாவுக்குப் போன் என்றாலே சத்தம் போட வேண்டிய சாமான். தலைவர் வந்து போன இரண்டாம் நாள் அண்ணன் சொன்னான், கடையைப் பூட்டிவிட்டார்கள், மேல்மாடி அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேருக்குக் காய்ச்சல். பண்டாரவளை மரக்கறிக்கடைக்கார நானாவின் லொறி சாமான் இறக்கிவிட்டு நாளைக்கு வெறுமனே திரும்புகிறது, உதவியாள் என்று சொல்லி ஒருவரை ஏற்றலாமாம். ஹல்துமுல்லையில் இறக்கிவிடுவார்கள். வரவா, அங்கேயே இருக்கவா என்று கேட்டான். காலையில் சொல்கிறேன் என்று இறங்கி வந்தேன்.

அப்பா ஒரு நொடி யோசிக்கவில்லை. "வரட்டும். நம்ம புள்ள நம்ம வீட்டுக்குத்தான் வரணும். வேற எங்க போவான்?" என்றார். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து இருமினார்.

அவன் வருவதென்றால் நாங்கள் வெளியேறிவிடலாம் என்று பார்த்தேன். மடுல்சீமையில் சித்தி வீடு இருக்கிறது. போன் பண்ணியபோது சித்தி எல்லோருடைய சுகமும் விசாரித்தாள், அப்பாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னாள், கடைசியில் இப்போது வராதீர்கள் என்றாள். மனுஷியா இவள் என்று பாறையில் உட்கார்ந்து திட்டினேன். பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்ததும் இருவரும் மேல் பிரிவில் பாழடைந்து கிடக்கும் பழைய லயத்தைப் பார்க்கப் போனோம். நாங்கள் மூவரும் அங்கே இருந்துகொண்டு வீட்டை அண்ணனுக்கு விடலாம் என்பது அம்மாவின் கணக்கு. தகரங்களை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுப்பிருந்த இடத்தில் ஒரு கொய்யா மரம் நின்றது, காய்த்தும் இருந்தது. அம்மா இரண்டு காய் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்பா இதுவரை ஏறிவர முடியுமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் என் காலில் இரத்தம் வடிந்திருந்தது, அட்டை கடித்திருக்கிறது. கடித்தது தெரியவே இல்லை.

அம்மா அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீ படிச்சவ. ஒனக்குத் தோணுறத சொல்லிரு" என்றாள். நான் படித்தது ஓ.எல். பரீட்சை வரைக்கும். இந்தப் பாடம் அதில் இல்லை. மகனை வா என்றால் புருஷனை இழக்கலாம், வராதே என்றால் மகனை. இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியாமல் அம்மா அதை என் தலையில் கட்டினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

காலையில் பாறைக்குப் போனேன். முதல் மணியிலேயே அண்ணன் எடுத்தான். பின்னால் லொறிச் சத்தம் கேட்டது.

"வராதண்ணே" என்றேன்.

"அப்பா சொன்னாரா?"

"எல்லாருந்தான்."

"சரி" என்றான்.

அவ்வளவுதான். அண்ணன் சின்ன வயசிலிருந்தே வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதிருந்தால் வாண்ணே என்று சொல்லியிருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பாறையிலிருந்து இறங்கும்போது பீலியில் வாளியை வைத்து நிரப்பிக்கொண்டே வந்தேன். வந்த வேலையோடு வேலையாக.

அப்பாவிடம் லொறி கிடைக்கவில்லையாம் என்றேன். பாஸ் கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று அவரே ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டார். மத்தியானம் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டேன். மூன்று ரொட்டி சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். பயம் இல்லை, துக்கம் இல்லை, ஒரு வேலை முடிந்தது என்பதுபோல இருந்தது. அந்தப் படத்தில் செத்தவைகள்தான் ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்து கதவைச் சாத்தியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அது காட்டவில்லை.

நாலு நாள் கழித்து அண்ணனின் போன் அடங்கிவிட்டது. மூன்று கிழமைக்கு மேல் அப்படியே. நான் தினமும் ஏறிப்போய் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குவேன். அப்பாவிடம், பேசினேன், சுகமாக இருக்கிறான் என்பேன். ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்வது பெரிய காரியமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அதே அறையில் இருந்தவர். அவர்தான் பிறகு சொன்னார், ஆறு பேரையும் பஸ்ஸில் ஏற்றி எங்கேயோ ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்களாம், அண்ணன் எழுந்து உட்காரவே பத்து நாள் ஆனதாம். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். வீட்டுக்குச் சொல்லட்டுமா என்றதற்கு, யாருக்குச் சொல்ல என்று கேட்டானாம் அண்ணன்.

காய்ச்சல் லயத்துக்கு வராமலும் இல்லை. ஐப்பசி மழையோடு மழையாக ஒன்பது வீட்டுக்கு வந்தது. யார் கொண்டுவந்ததென்று தெரியாது, கொழும்பிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. அப்பாவுக்கு மூன்று நாள் காய்ந்தது. நாலாம் நாள் எழுந்து, பால் விடாத தேத்தண்ணி, சாயத்தண்ணி கேட்டார். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. எனக்கு அப்பா பிழைத்தார் என்பது வரவில்லை, இதற்காகவா அவனை வராதே என்றேன் என்பதுதான் வந்தது. அதுவும் எங்கேயோ தூரத்தில், அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் வந்தான். முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, ஆனால் பேச்சு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். இஸ்தோப்பில் ஏறாமல், மழைத்தண்ணீர் ஓடுகிற காணுக்கு அந்தப் பக்கம், பையைக் கீழே வைக்காமல் நின்றான். பாதியாகிப் போயிருந்தான்.

"வரலாமா?" என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை, அது அவனுக்கு வராது. வீட்டு வாசலில் நின்று அந்நிய ஆள் எப்படிக் கேட்பானோ அப்படி மரியாதையாகக் கேட்டான். "யாரது, வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருக்கிறது?" என்று அப்பா உள்ளே இருந்து சத்தம் போட்டார்.

அம்மா மீன் டின் திறந்து குழம்பு வைத்தாள். காய்ந்த மிளகாய் தாளித்த நெடியில் அண்ணன் தும்மினான். சுவருக்கு மேலே ஒரு சத்தமும் இல்லை. "நூறு" என்றார் அப்பா. தன் பக்கத்தில் உட்காரவைத்து, சோற்றைத் தன் கையால் அள்ளி வைத்தார். பிறகு சாதாரணமாக, சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். "அன்னைக்கு அந்த லொறி மட்டும் கெடைச்சிருந்தா நீ அன்னைக்கே வீட்டுல இருந்திருப்ப. நான் ஒன்னய வரச்சொல்லி பாயெல்லாம் தட்டிப் போட்டு வச்சிருந்தேன்."

அண்ணனின் கை தட்டில் நின்றது. எட்டு ஒன்பது மாதமாக அப்பாதான் வரவேண்டாம் என்றார் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதைச் சொன்னது நான். அம்மா சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள், கிளற ஒன்றும் இல்லாத சட்டியை. நான் மாட்டிக்கொண்டேன் என்று தோன்றியது, உடனே அவனே சொல்லிவிடட்டும் என்றும் தோன்றியது. அவன் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தான்.

"ஆமாப்பா," என்றான். "லொறி கெடைக்கல."

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போனவன் என் கையிலிருந்த தட்டையும் வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் நான் அழுதேன். லயத்துக்கே கேட்டிருக்கும். எவரும் என்ன என்று கேட்கவில்லை.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் இப்போதும் கொழும்பில்தான் இருக்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறான். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முந்திப் போன் எடுத்து, சுகம் விசாரித்துவிட்டு, வரலாமா என்று கேட்கிறான். அவன் கேட்டு முடிப்பதற்குள் நான் வாண்ணே என்கிறேன். அவனும் சரி என்கிறான். அடுத்த முறை மறுபடியும் கேட்கிறான்.