ஒரே துண்டு கேபிள்

எனக்கு வயது எழுபத்தாறு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்து, மாலை கட்டியே வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை நானேதான் எழுத வேண்டும். என் மகன் சொன்னால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கடைசியில் எங்கள் பூ வைக்கும் குளிர் அறை. கதவு மூடாமல் கிடந்து இரண்டு முறை மல்லிகை கறுத்துப் போனது. யார் திறந்து போடுகிறார்கள் என்று பார்க்கக் கேமரா வைத்தான் மகன்.

மாட்ட வந்த தம்பி சந்தின் நீளத்தை அளந்தான். "ஆன்ட்டி, நூத்தி முப்பது மீட்டர் வருது. படமும் கரண்டும் சேர்ந்து போற இந்தக் கேபிள் நூறு வரைக்கும்தான். நடுவுல ஒரு பாக்ஸ் வச்சு ரெண்டா இழுக்கணும், இல்லாட்டி கண்ணாடி ஃபைபர் போடணும் லா."

நான் ஒப்பவில்லை. ஐம்பது வருஷமாக மாலை கட்டுகிறவள். ஒட்டுப்போட்ட நார், மாலை தோளில் ஏறும்போதுதான் அறும்.

"நடுவுல வெட்டாதே. ஒரே துண்டா இழு."

நுனியைக் கத்தியால் சுரண்டி, உள்ளே முழுச் செம்புதானா என்று பார்த்த பிறகே இழுக்க விட்டேன். பகல் முழுக்கப் படம் பளிச்சென்று வந்தது. வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஏழு மணிக்கு மேல் படம் போனது. மறுநாளும் அதே நேரம். விடிந்தால் தானாக வந்துவிடும்.

அந்த நேரத்தில் குளிர் அறைக்குப் போகிறவர் ஒருவர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாக எங்களிடம் பூக் கட்டுகிறவர், இரண்டு பெண்களுக்கு அப்பா.

"டெய்லி கரெக்டா வயரைப் புடுங்குறான்மா," என்றான் மகன். "வெள்ளிக்கிழமை வேலை பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடுறேன்."

"நான் அதைத் தொட்டதுகூட இல்லண்ணே. அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா."

நான் பேசவில்லை. அந்தத் தம்பி சொன்ன 'நூறு' எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தால் நான் தேர்ந்தெடுத்தது தப்பென்று ஆகும். மூன்று நாள் மூடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மனசு கேட்கவில்லை. அவரை எனக்கு எதிரில் உட்கார வைத்தேன். "இன்னிக்கு நீ எழுந்திரிக்கக் கூடாது. இங்கயே கட்டு."

மகன் கைபேசியில் படத்தைப் பார்த்தபடி நின்றான். ஏழு அடித்தது. படம் போகாமல் அப்படியே இருந்தது.

"பாத்தீங்களாம்மா? ஆள் போகலைன்னா படமும் போகலை!" என்றான்.

அவர் கட்டிய கண்ணியெல்லாம் தளர்ந்து பூ மடியில் உதிர்ந்தது. வெளியே இன்னும் கொஞ்சம் இருட்டியது. படம் ஒரு துடிப்புத் துடித்து, அணைந்தது. அவர் இரண்டு கையும் மல்லிகைக்குள் இருந்தன.

"வேற யாரையாச்சும் விட்டிருப்பான்," என்றான் மகன்.

"யாரும் இல்லடா. அந்தத் தம்பி நூறுக்கு மேல ஆகாதுன்னான். நான்தான் கேக்கல."

தம்பிக்குப் போன் போட்டோம். "பகல்ல கொஞ்சம் கரண்ட் போதும் ஆன்ட்டி. இருட்டினா கேமரா உள்ள இருக்கிற லைட்டைப் போடும், அவ்வளவு தூரத்துக்கு கரண்ட் பத்தாது. அப்பவே சொன்னேன்ல?"

மறுநாள் கண்ணாடி இழை போட்டு, கேமராவுக்கு மின்சாரத்தைக் குளிர் அறையிலிருந்தே கொடுத்தான். அன்றைக்கே படத்தில் கதவையும் பார்த்தோம். அவர் இழுத்துச் சாத்திப் போன பிறகு, அது தானாக மெல்லத் திறந்துகொண்டது. ஓரத்து ரப்பர் தேய்ந்திருந்தது.

அவர் வேலையில்தான் இருக்கிறார். "மூணு நாள் தெரிஞ்சே சும்மா இருந்தேன்பா," என்று அவரிடம் சொன்னேன். "பரவால்லம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மகனோ கடைக்கு வருகிறவர்களிடம் கேமரா கோளாறு என்கிறான்.

பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "நாளைக்கு இதைக் கடையில எல்லார் முன்னாலயும் வாசிக்கணும் பாப்பா. இப்ப எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டு. அந்த மூணு நாள் வர்ற இடத்தை முழுங்காம, சத்தமா."