எதிர் கம்பெனிக்காரர் எடுத்துத் தந்த ஆர்டர்

சோப்புக் கம்பெனியில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் சொன்னார்: "தம்பி, இது கழுத்தறுப்புப் போட்டி. கொஞ்சம் அசந்தா நம்ம சரக்கு இருந்த இடத்துல அவன் சரக்கு உக்காந்திரும்." எங்கள் ஊரில் கூட இருந்தே துரோகம் செய்கிறவனைத்தான் 'கழுத்தறுத்துட்டான்' என்போம். இவரோ ஈவிரக்கம் பார்க்காத வியாபாரப் போட்டிக்கு அந்தப் பெயர் வைத்தார். மீட்டிங்குக்கு மீட்டிங் அதே பாட்டு. நானும் நம்பினேன்.

கடை கடையாக ஆர்டர் எடுக்க எனக்குக் கொடுத்த வில்லாபுரம் லைனில் என் எதிரி அந்தோணி அண்ணன். வேறு சோப்புக் கம்பெனி. காலையில் ரேக்கில் கண் மட்டத்துக்கு நான் அடுக்கிய சோப்பு, மதியம் தரையோரம் கிடக்கும். மறுநாள் அவருடையதை நான் இறக்குவேன். கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் மதியச் சாப்பாடு ஒரே மெஸ், ஒரே மேசை. சோற்றில் கை வைத்தால் சரக்குப் பேச்சு எடுக்கக் கூடாது. லைன்காரர்கள் எல்லோருக்கும் அது எழுதாத சட்டம்.

ஒரு மாதக் கடைசி நாள். டார்கெட் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பாதிக் கடை பாக்கி இருந்தது. மெஸ்ஸில் சாப்பிடும்போது, மனைவிக்கு வலி எடுத்துவிட்டதாக போன் வந்தது. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு மாப்ள," என்றார் அந்தோணி அண்ணன். "மிச்சக் கடைய நான் பாக்குறேன்."

"அண்ணே, என் ஆர்டர நீங்க எப்படிண்ணே..."

"கடைக்காரன்ட்ட கேட்டு வாட்ஸ்அப்ல பேசி அனுப்புறேன். நீ ஒன் கம்பெனி ஆப்புல ஏத்திக்க. போடா!"

பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடை கடையாக அவர் குரல் வந்தது. "முக்குக் கடை, ரெண்டு பெட்டி. இந்தச் சோப்ப எவன் வாங்குறான்னு தெரியல, இருந்தாலும் போட்டுக்க." பின்னால் கடைக்காரர் சிரித்தார்: "என்ன அந்தோணி, கம்பெனி மாறிட்டியா?" கண் கலங்கி போன் திரையே தெரியவில்லை. டார்கெட் முடிந்தது. பெண் பிறந்தாள்.

மறுவாரம் லைனுக்குப் போனால் என் சோப்பு பழையபடி தரையோரம்!

"அண்ணே, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"அன்னைக்கு ஓடுனது ஒன் குடும்பத்துக்கு. இன்னைக்கு ஓடுறது என் குடும்பத்துக்கு," என்றார் சிரிக்காமல்.

இப்போது நானும் மேனேஜர். அவர் காப்பாற்றித் தந்த வேலையில்தான் மகள் படிக்கிறாள். நன்றி சொல்லப் போனால் திட்டுவார். அதனால் புதிதாக வரும் பையன்களிடம் சொல்கிறேன்: ரேக்கில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் லைனில் இறங்கும் முதல் நாளே எதிர் கம்பெனிக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.