டேங்க் கழுவிய நாள்

திண்டுக்கல்லில் எங்களுக்கு மாடி போர்ஷன் கிடைத்தபோது வீட்டுக்காரர் போட்ட ஒரே கண்டிஷன் தண்ணீர்தான். "பத்து நாளைக்கு ஒருக்காத்தேன் வருது சார். பாத்துப் பொழங்குங்க." அரிசி கழுவிய தண்ணீரைக்கூட நாங்கள் கீழே கொட்டவில்லை.

தண்ணீர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழிந்தது. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. நான் ஏறி, தோள்வரை கையை உள்ளே விட்டு, சிக்கியிருந்த மிதவைப் பந்தை எடுத்துவிட்டேன். "நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று காபி கொடுத்தார். அதை நான் ருசித்து வேறு குடித்துத் தொலைத்தேன்.

மறுநாள் ஊரிலிருந்து அம்மா வந்தாள். "ஊருல எந்தத் தெரும்மா?" என்று அவர் விசாரித்தார். மறைக்கத் தெரியாதவள், சொல்லிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் டேங்க் தண்ணீர் முழுவதும் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"தெரியும். கழுவுறோம்" என்றார், என் கையைப் பார்த்தபடி.

அம்மாவோ, "ஐயோ, இம்புட்டுத் தண்ணியும் வீணாப் போகுதே" என்று வாளியோடு ஓடி, சாக்கடை ஓரத்தில் குனிந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.