“ஆச்சு கண்ணு” என்று சொன்ன காலை

வீட்டுக்காரர் தவறிய பிறகு எனக்காக மட்டும் அடுப்புப் பற்றவைக்க மனம் வரவில்லை. கண்ட நேரத்தில் டீயும் பன்னும் தின்று உடம்பு பெருத்தது, சர்க்கரையும் ஏறியது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். உடுமலைப்பேட்டையில் இருக்கும் மகள் வந்து, இங்கே மண்ணரையில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெண்கள் ஜிம்மில் என்னைச் சேர்த்துவிட்டுப் போனாள். சின்னப் பெண்களுக்கு நடுவே புடவையைத் தூக்கிச் செருகி நிற்கவே எனக்குக் கூச்சம்.

ஒருநாள் காலை சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். அங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்கும் செல்வி, “சாப்டாச்சுங்களா, பாட்டி?” என்றாள்.

“ஆச்சு கண்ணு” என்றேன். யார் கேட்டாலும் எனக்கு அதுதான் வாயில் வரும்.

நடக்கும் மெஷினில் ஏறிய கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. செல்வி ஓடிவந்து தாங்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “ஏனுங்க பாட்டி பொய் சொன்னீங்க? உங்க பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?” என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “என்ற ஊட்டுக்காரரு நான் ஆச்சுன்னு சொன்னா நம்பமாட்டாரு கண்ணு. நான் தின்னேனான்னு சட்டியத் தொறந்து பார்ப்பாரு.”

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப நாளைக்குச் சட்டியோட வாங்க. நான் பார்க்கறேன்.”

இப்போது மாத்திரை போட்டதும் இரண்டு இட்லி அவித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஜிம்முக்குக் கிளம்புகிறேன். கதவைப் பூட்டும்முன், அவர் பார்ப்பதுபோல, சட்டியை நானே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.